உடம்படுமெய்

சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997 ஜனவரி முதல் நாளில். பிரிவதற்கு முன்னும் பின்னும் அவ்வட்டாரத்தின் தொழில்முகம் மாறவில்லை. முட்டையும் லாரியும் என்றால் நாமக்கல்; ஆழ்துளைக் கிணற்று வண்டி என்றால் திருச்செங்கோடு. தொழிற்சாலையிலிருந்து வெறும் எலும்புக்கூடாக வரும் சேசிஸுக்கு மரமும் இரும்பும் கொண்டு உடல் கட்டி, வண்ணம் தீட்டி, வடநாட்டுச் சாலைகளுக்கு அனுப்பும் பட்டறைகள் நிறைந்த பூமி இது. ஆகவே இங்கே 'டிரைவர்' என்ற சொல்லுக்கு எவரும் பொருள் கேட்பதில்லை. வீட்டுக்கு ஒருவர் இல்லையென்றாலும் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

ஆனால் கணினி உலகிலும் டிரைவர் என்றொரு சொல் வழங்குகிறது என்பதையும், அந்த டிரைவர் இல்லாமற்போனால் ஒரு மாணவியின் படிப்பே நடுவழியில் நின்றுவிடக்கூடும் என்பதையும் நம் குடும்பங்கள் பல இன்னும் அறிந்திருக்கவில்லை. அதைப் பற்றிச் சில செய்திகளை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். அரபும் தமிழும் ஓதிக்கொடுக்கும் ஆசிரியருக்குக் கணினியில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வலமிருந்து இடமாக ஓடும் அரபையும் இடமிருந்து வலமாக ஓடும் தமிழையும் ஒரே பக்கத்தில் அமைத்துப் பாடக்குறிப்புகள் ஆயத்தம் செய்யவேண்டிய தேவை நம்மைப் பல்லாண்டுகளுக்கு முன்பே கணினியின் முன் அமர்த்திவிட்டது. அமர்ந்தவர் எழுவதற்குள் சிலவற்றைக் கற்றுக்கொள்வது இயல்பேயன்றோ!

கணினியின் டிரைவரைத் தமிழில் 'இயக்கி' என்கிறார்கள். கணினியோடு நாம் இணைக்கும் கருவிகள் பல: அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, கம்பியில்லா இணையத்தைப் பற்றித்தரும் சிறு பொருத்தி. ஒவ்வொன்றும் தனக்கே உரிய மொழி பேசும். அவற்றை ஆளும் இயங்குதளமோ தன் மொழியில்தான் கட்டளையிடும். இடையில் நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் எடுத்துரைக்கும் சிறு மென்பொருளே இயக்கி. அரபியில் தர்ஜுமான் என்றும், கும்பினி ஆட்சிக் காலத்தில் துபாஷி என்றும் அழைக்கப்பட்டவர் செய்த தொழிலும் இதுதான்.

தமிழ் இலக்கணம் ஓதியவர்களுக்கு இதைவிட நெருங்கிய உவமை ஒன்று உண்டு. 'மணி' என்ற சொல்லும் 'ஓசை' என்ற சொல்லும் தனித்தனியே குறையற்றவை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல முயன்றால் உயிரோடு உயிர் முட்டி நிற்கும். இடையே யகரம் தோன்றியதும் 'மணியோசை' என வழுக்கிக்கொண்டு வருகிறது. 'திரு'வும் 'அருளும்' சேரும்போது வகரம் வந்து 'திருவருள்' ஆகிறது. இந்த யகரமும் வகரமும் முதற்சொல்லுக்கும் சொந்தமில்லை, அடுத்த சொல்லுக்கும் சொந்தமில்லை. ஆயினும் அவை இன்றிப் புணர்ச்சி இல்லை. உடன்படுத்தும் மெய் என்பதால் உடம்படுமெய் என்று பெயர் பெற்றன. எந்த இடத்தில் எது வரும் என்பதற்கு நன்னூலில் விதி உண்டு. இடம் மாற்றி 'மணிவோசை' என்றால் செவி ஏற்காது. இயக்கியும் அவ்வாறே. கருவியும் பழுதற்றது, கணினியும் பழுதற்றது. உரிய இயக்கி இல்லையென்றால் இரண்டும் அருகருகே ஊமையாகக் கிடக்கும்.

நம் முன்னோர் இந்த நுட்பத்தை வேறொரு துறையில் செய்து காட்டியவர்களே. அரபு எழுத்தில் தமிழை எழுதப் புகுந்தபோது ட, ண, ள, ழ, ங, ஞ போன்ற ஒலிகளுக்கு அரபு நெடுங்கணக்கில் இடம் இல்லை. அதற்காக அவர்கள் எழுத்தையும் கைவிடவில்லை, மொழியையும் கைவிடவில்லை. இருக்கும் எழுத்துகளுக்கே கூடுதற் புள்ளிகளும் குறிகளும் இட்டு அரபுத் தமிழ் என்னும் ஏற்பாட்டை உண்டாக்கினர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நூல்கள் அவ்வெழுத்தில் பெருகின. பொருந்தாதவற்றைப் பொருந்தவைக்கும் அந்தச் சிறு புள்ளிகளின் வேலையைத்தான் இன்று இயக்கிகள் செய்கின்றன.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம்.

தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிற்று. எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்யப்பட்ட அக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் உடன் வைக்கப்பட்டிருந்தது. பாஸ் என்பது வெளிநாட்டுச் சரக்கன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. ஆனால் கணினியைப் பெற்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. திறக்கச் சொல்லித்தரும் ஆள் இல்லாத கதவு சுவரைப் போன்றதே.

அப்படி 2013இல் அரசுப் பள்ளியில் கணினி பெற்ற ஒரு மாணவர் நம் அண்டை வீட்டார். படிப்பை முடித்து வேலைக்குச் சென்றபோது அக்கணினியைத் தங்கைக்கு விட்டுச் சென்றார். சிறுவயதில் நம்மிடம் மாலை மக்தபில் ஓதிய அப்பெண் இப்போது பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. தந்தை லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாட்கள் மராட்டியச் சாலைகளில் கழிபவர். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல கைப்பேசியும் அவரோடு போய்விடும். ஆகவே அந்தப் பழைய மடிக்கணினிதான் அப்பெண்ணுக்குப் புத்தகம், நூலகம், விண்ணப்ப மேசை எல்லாம்.

கணினியோ தளர்ந்துவிட்டது. உள்ளிருந்த வைஃபை பலகை செத்துப்போயிற்று. அதில் இருந்த விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. கடைவீதியில் ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குக் கொண்டுபோனபோது இரண்டு யோசனைகள் கிடைத்தன. ஒன்று, இதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். மற்றொன்று, முந்நூறு ரூபாய் கொடுத்தால் புதிய விண்டோஸை 'ஏற்றித் தருகிறோம்'. உரிமம் உண்டா என்று அப்பெண் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் யாரும்மா பாக்குறாங்க?" என்பது வந்த விடை.

தாயோடு நம் இல்லத்துக்கு வந்த அப்பெண் முதலில் கேட்டது வைஃபையைப் பற்றியன்று. "ஹஜ்ரத், உரிமம் இல்லாத படியில் நான் படிச்சு வாங்குற பட்டம் சரியாகுமா?" என்று கேட்டாள். இருபது வயதுக்குள் இக்கேள்வி எழுந்ததே நமக்கு நிறைவாயிருந்தது. பிறர் உழைப்பை அவர் இசைவின்றி எடுத்துக்கொள்வதற்கு நாம் வழி சொல்லமாட்டோம். ஆனால் 'கூடாது' என்று சொல்லிக் கதவை மூடிவிடுவது ஆசிரியர் வேலையன்று. கூடும் வழியையும் காட்டியாகவேண்டும். அந்த வழி அப்பெண்ணின் கணினிக்குள்ளேயே, எவரும் திறக்காத பாஸ் என்னும் கதவாக, ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

லினக்ஸின் வரலாற்றில் இயக்கிக்கு ஒரு தனி இடம் உண்டு. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், தாள் சிக்கினால் தமக்குச் செய்தி வரும்படி மென்பொருளைத் திருத்த விரும்பினார். ஆனால் அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. தம் அறையில் நிற்கும் கருவியைத் தாமே செப்பனிட இயலாத அந்த நிலை அவரை உறுத்திற்று. 1983 செப்டம்பரில் அவர் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1992இல், குனுவின் பொது உரிமத்தின்கீழ் அதைக் கொண்டுவந்தார்.

அந்த உரிமத்தின் சாரம் இது: யாரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குப் படியெடுத்துத் தரலாம். ஆனால் திருத்தியதைப் பரப்புகிறவர், தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுகிறவருக்கும் தந்தாக வேண்டும். வக்ஃபின் நிபந்தனைகளை ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பொதுநன்மைக்கென ஒருவர் ஒதுக்கிய கிணற்றை அடுத்து வருகிறவர் வேலியிட்டுத் தனதாக்கிக்கொள்ள இயலாது. ஒரே வேறுபாடு: கிணற்றில் இறைக்க இறைக்க நீர் தாழும், மென்பொருளோ எத்தனை பேர் எடுத்தாலும் தாழ்வதில்லை.

இந்த வழியில் தமிழ்நாடு முன்னரே சில அடிகள் வைத்ததுண்டு. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007ஐ ஒட்டி, எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டது. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினி நூல்கள் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸையும் கற்பிக்கின்றன. அண்டையிலுள்ள கேரளம் தன் அரசுப் பள்ளிக் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளின் மீது நிறுத்தியிருக்கிறது.

அப்பெண்ணின் கணினியில் நினைவகத்தை 4 ஜி.பி.யாகக் கூட்டி, 'லினக்ஸ் மின்ட்' என்னும் தளத்தின் இலகுவான வடிவத்தை நிறுவினோம். நம்மிடம் ஓதிச் சேலத்தில் பொறியியல் முடித்த மாணவர் ஒருவர் தொலைபேசியில் துணைநின்றார். தமிழ் எழுத்து உடனே வந்தது. கணினியும் விரைந்து இயங்கிற்று. செத்துப்போன வைஃபைக்கு மாற்றாகச் சில நூறு ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. பொருத்தியை வாங்கிவந்திருந்தார்கள். நம் இல்லத்தின் இணையம் மூன்று வீடு தள்ளியுள்ள அவர்களை எட்டவேண்டும்; அதுவே நோக்கம். கட்டைவிரல் நகமளவு கருவி. பெட்டியின் மேல் 'செருகினாற் போதும்' என்ற பொருளில் அச்சிட்டிருந்தது. செருகினோம், போதவில்லை.

விடுப்பில் வந்திருந்த தந்தை அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன ஹஜ்ரத், ஓடலியா?" என்றார். "இதற்கு டிரைவர் இல்லையாம்" என்றோம். "நான் வீட்ல இருக்கிற நாள்லயா டிரைவர் இல்லேங்குது?" என்று அவர் சொல்ல, வீடே சிரித்தது.

இத்தகைய வேளையில் முதலிற் செய்யவேண்டியது கருவியை 'நீ யார்?' என்று கேட்பது. பெட்டியின் மேலுள்ள பெயரை நம்புவதற்கில்லை. உள்ளே இருக்கும் சில்லுதான் அதன் குலம். லினக்ஸில் முனையத்தைத் திறந்து 'எல்.எஸ்.யு.எஸ்.பி.' என்னும் கட்டளையை இட்டால், செருகப்பட்டுள்ள ஒவ்வொரு கருவியும் தன் அடையாள எண்ணைச் சொல்லும். எண்ணின் முற்பகுதி நிறுவனத்தை, பிற்பகுதி கருவியின் வகையைக் குறிக்கும். நமக்குக் கிடைத்தது '0பிடிஏ : 1ஏ2பி'. முற்பகுதி தைவான் நாட்டு ரியல்டெக் நிறுவனத்துக்குரியது. பிற்பகுதிதான் வியப்பு, அது வைஃபை கருவியின் எண்ணே அன்று, குறுந்தகட்டின் எண்!

காரணம் யாதெனில், இவ்வகைப் பொருத்திகள் முதலில் தம்மை ஒரு குறுந்தகடாகக் காட்டிக்கொள்ளும். விண்டோஸுக்குரிய இயக்கியை அந்தப் பொய்த் தகட்டுக்குள் வைத்திருப்பார்கள். விண்டோஸ் அதை எடுத்துக்கொண்டதும் கருவி வேடத்தைக் கலைத்து வைஃபையாக மாறும். லினக்ஸில் அந்த வேடத்தை நாமே கலைக்கவேண்டும். திரையில் தோன்றிய தகட்டுப் படத்தின் மேல் 'வெளியேற்று' என்று சொன்னோம். மீண்டும் எண் கேட்டபோது '0பிடிஏ : சி811' என்று உண்மை பேசிற்று. 8811சியூ என்னும் சில்லு. 8821சியூ என்பதோடு ஒரே குடும்பம்.

குலம் தெரிந்தது, இயக்கி எங்கே? லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கர்னல் எனப்படும் கருவுக்குள்ளேயே உடன்பிறந்தவையாக இருக்கும். அவற்றைத் தேடி நிறுவ வேண்டியதில்லை. நாம் நிறுவிய தளத்தின் கர்னல் 5.15. இந்தச் சில்லின் யு.எஸ்.பி. வடிவத்துக்கான இயக்கி கர்னலில் சேர்ந்ததோ 2023இல் வந்த 6.2 பதிப்பில்தான். ஆகவே வெளியிலிருந்து கொண்டுவரவேண்டும். அதற்கு இணையம் வேண்டும். இணையத்துக்கு இயக்கி வேண்டும்!

அடிகுழாய் வறண்டுபோனால் முதலில் மேலே ஒரு செம்பு நீர் ஊற்றித்தான் நீரை இழுக்கவேண்டும் என்பதை நம் பக்கத்துப் பெண்கள் அறிவர். இங்கே அந்தச் செம்பு நீர், தந்தையின் கைப்பேசி. அதை மின்னேற்றும் கம்பியால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்தால், கைப்பேசி ஒரு கம்பிவழி வலையட்டையாகக் கணினிக்குத் தோன்றும். அதற்கான இயக்கி கர்னலிலேயே இருப்பதால் உடனே இணையம் பாயும். அவ்வாறே பாய்ந்தது.

அந்த இணையத்தைக் கொண்டு அப்பெண்ணின் வகுப்புத் தோழி ஒருத்தி, திறந்த வெளியில் கிடைக்கும் மூலநிரலை இறக்கி, கணினியிலேயே தொகுத்து நிறுவிக் கொடுத்தாள். பத்து நிமிடம் திரையில் எழுத்துகள் ஓடின. கருவியில் சிறு விளக்கு கண் சிமிட்டிற்று. மூன்று வீடு தள்ளியிருந்த நம் இணையம் அவர்கள் கூடத்தில் கிடைத்தது. அத்தோடு கதை முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையிருந்திராது.

இரண்டு மாதம் கழிந்தது. கல்வி உதவித்தொகைக்கு இணையவழி விண்ணப்பிக்க மறுநாள் கடைசி நாள். அன்று மாலை கணினி வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றுக்கொண்டு மறுபடி தொடங்கிற்று. வைஃபை காணவில்லை. கருவியின் விளக்கு அணைந்து கிடந்தது. தந்தையும் கைப்பேசியும் சோலாப்பூர்ச் சாலையில். "நான் அப்பவே சொன்னேன், இதை எடைக்குப் போட்டுடலாம்னு" என்று தாய் வருந்தினாள். வருத்தம் கணினியைப் பற்றியதன்று. அவ்வுதவித்தொகை வரவில்லையென்றால் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குக் கடன்தான் வழி. கடன் வாங்கினால் மகள் படிப்பைப் பற்றிச் சுற்றத்தில் எழும் பேச்சுகள் தனி. பெண்பிள்ளையின் கல்வி எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது இத்தகைய இரவுகளில்தான் தெரிகிறது.

நேர்ந்தது என்ன? வெளியே தொகுத்த இயக்கி, தொகுத்த வேளையில் இருந்த கர்னலுக்கு மட்டுமே அளவெடுத்துத் தைத்த சட்டை. கர்னலின் பதிப்பு எண் சிறிது மாறினாலும் அச்சட்டை சேராது. ஒரு சேசிஸுக்கு அளவெடுத்துக் கட்டிய லாரி உடலை நீளம் மாறிய வேறொரு சேசிஸில் அப்படியே தூக்கி வைக்க இயலாது என்பதை நாமக்கல் பட்டறைக்காரர் எவரும் சொல்லிவிடுவார். அதற்காகத்தான் 'டி.கே.எம்.எஸ்.' என்றோர் ஏற்பாடு உண்டு. கர்னல் மாறும்போதெல்லாம் மூலநிரலிலிருந்து இயக்கியை அதுவே மீண்டும் தொகுத்துக்கொள்ளும். தோழி அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கவில்லை. அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நூலில்லாமல், ஆசிரியரில்லாமல் தானே கற்ற பிள்ளை அவள்.

இஷாவுக்குப் பின் அப்பெண் கணினியைச் சுமந்துகொண்டு தாயோடு நம் இல்லம் வந்தாள். வைஃபைதான் இல்லையே தவிர, கணினியின் பக்கவாட்டில் கம்பி செருகும் துளை இருந்தது. நம் இணையப் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை அதில் செருகினோம். கம்பிவழி வலைக்கான இயக்கி கர்னலில் என்றும் இருப்பது. முதலில் விண்ணப்பம், பிறகு வைத்தியம் என்று முறைவகுத்தோம். சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. பதினொரு மணியளவில் ஒப்புகை எண் திரையில் வந்தது. அவள் அதை ஒரு தாளிலும், கையிலும், தாயின் பழைய கைப்பேசியிலும் ஆக மூன்று இடத்தில் எழுதிக்கொண்டாள்.

அதன்பின் வைத்தியம் எளிதாயிற்று. லினக்ஸ் மின்டின் புதுப்பிப்பு மேலாளரிலேயே வேறு கர்னல்களைத் தெரிந்தெடுக்கும் பகுதி உண்டு. அதிலிருந்து 6.8ஐ நிறுவி, பழைய இயக்கியை நீக்கி, கணினியை மீண்டும் தொடக்கினோம். தகட்டு வேடத்தைக் கலைத்ததும் கருவி தானாகவே வைஃபையாக எழுந்தது. தொகுக்கவில்லை, இறக்கவில்லை. இயக்கி கர்னலுக்குள் குடியேறிவிட்டதால் இனி எத்தனை திருத்தம் வந்தாலும் கர்னலோடு சேர்ந்தே அதுவும் வளரும். வாடகைக்கு வந்தவர் வீட்டுப்பிள்ளையாகிவிட்டார் எனலாம்.

அந்த இயக்கியைக் கர்னலுக்குள் கொண்டுவந்தவர்கள் யார்? சில்லு செய்யும் நிறுவனங்கள் நெடுங்காலம் விண்டோஸுக்கு மட்டுமே இயக்கி எழுதித் தந்தன. சில்லின் நுட்ப விவரங்களையும் வெளியிடவில்லை. எனவே தன்னார்வலர்கள் கருவியின் நடத்தையைக் கூர்ந்து நோக்கி, மொழி தெரியாத ஊரில் சைகையால் சொற்களைக் கற்பதுபோல, ஒவ்வொரு கட்டளையாகக் கண்டறிந்து இயக்கி எழுதினர். பிராட்காம் சில்லுகளுக்கு அவ்வாறே நிகழ்ந்தது. அப்பணியில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் லாரி ஃபிங்கர் என்னும் அமெரிக்கப் பெரியவர். பின்னர் ரியல்டெக் சில்லுகளின் இயக்கிகளைப் பல்லாண்டுகள் பேணிவந்தார். யாரோ எந்நாட்டிலோ 'என் வைஃபை ஓடவில்லை' என்று எழுதினால் பொறுமையோடு விடையெழுதினார். 2024 ஜூனில் காலமாகும்வரை அத்தொண்டு நின்றதில்லை. 8821சியூ குடும்பத்தின் யு.எஸ்.பி. கருவிகளுக்கான இயக்கியோ ஜெர்மனியில் பணிபுரியும் சாஷா ஹவர் என்பவரின் உழைப்பால் கர்னலில் சேர்ந்தது. இவர்கள் எவரும் நாமக்கல்லைக் கண்டதில்லை. ஒரு லாரி ஓட்டுநர் மகளின் உதவித்தொகைக்காக உழைக்கிறோம் என்று எண்ணியதுமில்லை. ஆயினும் பயன் இங்கே வந்து சேர்ந்தது. எழுதியவர் மறைந்த பின்னும் பயன் தரும் இல்முக்கு நம் பாடவகுப்பில் நாம் சொல்லும் எடுத்துக்காட்டுகளோடு இதையும் சேர்த்துக்கொண்டோம்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடவேண்டும். இயக்கி என்பது கணினியின் உள்ளறைவரை சென்று அமரும் விருந்தாளி. தட்டெழுதுவது, சேமிப்பது, அனுப்புவது அனைத்தும் அதன் கண்ணுக்கு எட்டும். ஆகவே எவரோ எங்கோ வைத்திருக்கும் கோப்பை, ஓடினாற் போதும் என்று எடுத்து நிறுவுவது ஆபத்து. ஒரு செய்தியை ஏற்குமுன் அது யார் வழியாக, யாரிடமிருந்து வந்தது என்று ஸனதைப் பார்க்கக் கற்றவர்கள் நாம். அதே கண்ணால் இயக்கியையும் பார்க்கவேண்டும். தளத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வருவது முதல் தரம். பலர் திறந்து பார்த்துத் திருத்திவரும் மூலநிரல் அடுத்தது. மூலமே தெரியாத கோப்பு ஒருபோதும் வேண்டாம்.

மற்றொன்று: இயக்கி திறந்திருந்தாலும், கருவிக்குள் ஏறும் 'நிலைபொருள்' என்னும் சிறு கோப்பு பெரும்பாலும் மூடியதாகவே நிறுவனத்திடமிருந்து வருகிறது. கட்டற்ற மென்பொருளில் கண்டிப்பு மிக்க டெபியன் அமைப்பினர் இதுபற்றி நெடுநாள் வாதாடி, 2022இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து அக்கோப்புகளை நிறுவியோடு சேர்த்துத் தர இசைந்தனர். கொள்கையை அவர்கள் விடவில்லை. அவசியத்துக்கு அவசியத்தின் அளவே இடங்கொடுத்தனர். ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு அந்த வாதத்தின் நடை பழக்கமானதாகவே தோன்றும்.

இனி இல்லங்களுக்கு நம் வேண்டுகோள். பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால் எடைக்குப் போடுமுன் ஒருமுறை லினக்ஸை நிறுவிப் பாருங்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டதால், நல்ல நிலையிலுள்ள கணினிகள் பல இனி மூலைக்குப் போகும். அவற்றுள் எத்தனையோ ஒரு பிள்ளையின் படிப்பைத் தாங்க வல்லவை. யு.எஸ்.பி. பொருத்தி வாங்கும்போது பெட்டியின் படத்தைப் பார்க்காமல் சில்லின் பெயரைக் கேளுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பதிப்பு மாறும்போது சில்லே மாறுவதுண்டு. டிபி-லிங்கின் 722என் பொருத்தியில் முதற்பதிப்பு ஏதராஸ் சில்லையும் இரண்டாம் பதிப்பு ரியல்டெக் சில்லையும் கொண்டிருந்தது இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. மீடியாடெக்கின் 7612யு, 7610யு போன்ற சில்லுகளுக்கு இயக்கி 2018 முதலே கர்னலில் இருக்கிறது. அத்தகையதைத் தேர்ந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையேல் கர்னலைப் புதுப்பியுங்கள். அதுவும் இயலாதபோதுதான் வெளியிலிருந்து தொகுப்பது, அப்போது டி.கே.எம்.எஸ்.ஸை மறவாதீர்கள். கடைசி நாள்வரை விண்ணப்பத்தைத் தள்ளாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை முனையத்தின் கருந்திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தால் 'பொழுது போக்குகிறாள்' என்று அதட்டாதீர்கள். கருவி ஓடாதபோது கடைக்காரர் சொன்னதை ஏற்று ஒதுங்காமல், அது ஏன் ஓடவில்லை என்று எண்ணைக் கேட்டு, குலம் விசாரித்து, காரணம் காண்கிற பழக்கம் கணினியோடு நின்றுவிடுவதன்று. நூலில் ஐயம் எழுந்தாலும், வாழ்வில் சிக்கல் எழுந்தாலும் அதே பழக்கம்தான் கைகொடுக்கும். ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டுக்கு இடையே எந்த எழுத்து வந்தால் பொருந்தும் என்று தேடுகிறவரே கல்விமான். ஓதிக்கொடுப்போர் அத்தேடலைப் பிள்ளைகளிடம் வளர்ப்பார்களாக. பெற்றோர் அதற்கு இடம் விடுவார்களாக!